எல்லாம் நார்மல் என்று சொன்ன பிறகு

மாதக்கணக்கில் நீங்காத சோர்வோடு மருத்துவரைப் பார்க்கப் போகிறவர் முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது, அங்கே தனக்குக் கிடைக்கப்போகும் நேரம். 67 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, இந்தியாவில் ஆரம்பநிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் ஏறக்குறைய இரண்டு நிமிடம் என்கிறது. சுவீடனில் அது இருபது நிமிடத்துக்கும் மேல். மருத்துவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியே எழுபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் பார்க்க முடியும். சாதாரணக் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அந்த நேரம் போதும். சோர்வுக்குப் போதாது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய், இதயம், சிறுநீரகம், தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, தினமும் சாப்பிடுகிற மாத்திரை என எதை எடுத்தாலும் அதன் அறிகுறிகளில் சோர்வும் ஒன்று. இதில் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று மருத்துவர் முடிவு செய்ய, நீங்கள் கொண்டுபோகும் தகவல்தான் கைகொடுக்கும். இந்த அத்தியாயம் அந்தத் தகவலை எப்படித் தயார் செய்வது, பதில் கிடைக்காதபோது அடுத்து என்ன கேட்பது என்பதைப் பற்றியது.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. சோர்வோடு கூடவே முயலாமல் எடை குறைகிறது, மாலையானால் காய்ச்சல் காய்கிறது, இரவில் உடை நனைய வியர்க்கிறது, இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டது, மலம் கறுத்துப் போகிறது, கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்படுகிறது, கண் மஞ்சளாக இருக்கிறது, நாலு படி ஏறினால் மூச்சிரைக்கிறது என்றால் கீழே சொல்லும் நாட்குறிப்பு எதையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கம் என்றால் 108. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 14416, டெலி மானஸ். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

உள்ளே போனதும் என்ன சொல்வது

“ஒரே டயர்டா இருக்கு டாக்டர்.” பெரும்பாலானவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அதற்கு என்ன பதில் வரும் என்பதும் தெரிந்ததுதான். “நல்லா சாப்பிடுறீங்களா? தூக்கம் வருதா? வீட்டுல ஏதும் டென்ஷனா?” பிறகு ஒரு சத்து மாத்திரை, ஒரு பி-காம்ப்ளெக்ஸ் ஊசி, அடுத்த டோக்கன்.

இதையே ஒரு பெண்மணி, அதே மருத்துவரிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

“டாக்டர், போன ஆவணியில எனக்கு டெங்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் அஞ்சு மணிக்கு எழுந்து சமைச்சு வெச்சுட்டு, பஸ் ஏறிப் போயி, ஆறு பீரியடு நின்னுக்கிட்டே பாடம் எடுப்பேன். இப்ப ரெண்டாவது பீரியடுலயே நாற்காலி வேணும். சனிக்கிழமை துணி துவைச்சா அன்னிக்கு ஒண்ணும் தெரியல. திங்கக்கிழமை காலையில எழுந்திரிக்கவே முடியல. எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்கின மாதிரியே இல்ல.”

இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகும். எப்போது தொடங்கியது, எதற்குப் பிறகு தொடங்கியது, முன்பு என்ன முடிந்தது, இப்போது எது முடியவில்லை, உழைப்புக்குப் பின் என்ன ஆகிறது, தூக்கம் எப்படி என்று மருத்துவருக்கு வேண்டிய எல்லாமே இதில் வந்துவிட்டது. சாப்பாட்டையும் டென்ஷனையும் கேட்க நினைத்தவர்கூட, “துவைச்ச அன்னிக்கு ஒண்ணுமில்ல, ரெண்டு நாள் கழிச்சுத்தான் படுத்துடுறீங்களா?” என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஏன் என்பது பின்னால் வரும்.

வீட்டில் இதை எழுதிப் பாருங்கள். வலியையும் வேதனையையும் விவரிப்பதைவிட, கைவிட்டுப்போன வேலைகளைச் சொல்வது நல்லது. மாடிக்குப் போய்த் துணி காயப் போடுவது, வண்டி ஓட்டுவது, தலைக்குக் குளிப்பது, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பது, மளிகைக் கணக்குப் போடுவது: இப்படி ஐந்தாறு போதும். பெண்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. “எப்படியோ சமாளிச்சுக்கறேன்” என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் சிறு வயதிலிருந்தே ஊறியது. மருத்துவர் அறையில் அந்த ஒரு வாக்கியம், நீங்கள் சொன்ன அத்தனையையும் அழித்துவிடும். சமாளிக்க என்னவெல்லாம் விட்டுக்கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இரண்டு வாரக் குறிப்பு

போவதற்கு முன் இரண்டு வாரம், ஒரு பழைய நோட்டில் நாளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். காலையில் எழுந்தபோது உடம்பு பத்துக்கு எத்தனை, அன்று செய்த பெரிய வேலை என்ன, மாலையில் எத்தனை. அவ்வளவுதான். இப்படி இருக்கும்:

செவ்வாய். காலை 4. பேங்க் போனேன், ஒரு மணி நேரம் நின்றேன். மாலை 5.
புதன். காலை 3. சமையல் மட்டும். மதியம் படுத்தேன்.
வியாழன். காலை 1. தொண்டை வலி. வெளிச்சம் கூசுகிறது. அடுப்பில் பால் வைத்ததே மறந்துவிட்டது. குளிக்கவில்லை.
வெள்ளி. காலை 1. படுக்கைதான்.
சனி. காலை 3.

செவ்வாய்க்கிழமை மாலை, ‘பரவாயில்லையே’ என்று தோன்றியிருக்கிறது. வியாழக்கிழமை விழுந்ததற்கும் பேங்கில் நின்றதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது எழுதி வைத்தவருக்குத்தான் தெரியும். நினைவை நம்பிப் போனால், வியாழக்கிழமை ‘காரணமே இல்லாமல்’ வந்ததாகத்தான் சொல்வோம். மாதவிடாய் நாட்களையும் இதே நோட்டில் குறித்து வையுங்கள். எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா என்பதையும்.

கூடவே ஒரு பை. வீட்டில் நீங்கள் சாப்பிடுகிற எல்லா மாத்திரைப் பட்டைகளையும் அதில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் அட்டெனலால், புரோப்ரனலால் போன்றவை, சளிக்கும் அரிப்புக்கும் தினமும் போட்டுக்கொள்ளும் செடிரிசின், நரம்பு வலிக்கான பிரிகாபாலின், வலிப்பு மாத்திரைகள், தூக்க மாத்திரைகள் என ஆளைச் சோர வைக்கும் மருந்துகள் நிறைய. சித்த மருந்துப் பொட்டலம், உடம்பு ஏற வாங்கிய பவுடர், கடையில் சொல்லி வாங்கிய வலி மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். அதே சமயம், எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இவற்றில் சிலவற்றைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

முதல் சுற்றுப் பரிசோதனைகள்

‘முழு உடல் பரிசோதனை, எழுபது டெஸ்ட், சலுகை விலையில்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, மருத்துவரைப் பார்க்கும் முன்பே பணத்தைக் கட்டிவிடுகிறவர்கள் அதிகம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆய்வகச் சீட்டில் அச்சடித்திருக்கும் ‘இயல்பு அளவு’ என்பது பொதுவாக, நல்ல உடல்நிலையில் இருப்பவர்களில் நூற்றுக்கு 95 பேர் அடங்கும் எல்லை. அப்படியானால், நோயே இல்லாத ஒருவருக்கும் ஒவ்வொரு பரிசோதனையிலும் இருபதில் ஒரு பங்கு வாய்ப்பில் எல்லை தாண்டிய எண் வரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளைச் சேர்த்து எடுத்தால், ஏதாவது ஒன்றாவது தடித்த எழுத்தில் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 64 சதவீதம். அந்தத் தடித்த எழுத்தின் பின்னால் ஓடியே ஆறு மாதமும் பணமும் போய்விடும்.

சோர்வுக்கு முதல் சுற்றில் தேவைப்படுவது ஒரு கைக்குள் அடங்கும் பட்டியல்தான். முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சர்க்கரை, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கல்லீரல் செயல்பாடு, சோடியம், பொட்டாசியம், கால்சியம், இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி., பி12, சிறுநீர். வயதையும் அறிகுறியையும் பொறுத்து மார்பு எக்ஸ்ரே, இ.சி.ஜி., எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சிக்கான பரிசோதனைகள், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான பரிசோதனை, கர்ப்பப் பரிசோதனை. தசையில் உண்மையான பலவீனம் இருந்தால் சி.பி.கே.; எடை குறைந்து, ரத்த அழுத்தம் இறங்கி, தோல் கறுத்துக்கொண்டு வந்தால் காலை எட்டு மணி வாக்கில் கார்ட்டிசால். இவற்றில் பலவும் அரசு மருத்துவமனையிலேயே எடுக்கக்கூடியவை.

இந்தப் பட்டியலில் நம் ஊரில் அதிகம் தவறவிடப்படுவது ஃபெரிட்டின். உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் எண் அது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒருவருக்கு 12.2 இருக்கிறது, சீட்டில் ‘நார்மல்’. ஆனால் ஃபெரிட்டின் பார்த்தால் 9. சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும் என்பதால் இது நடக்கும். ரத்தசோகை இல்லாத, ஃபெரிட்டின் 50-க்குக் குறைந்த, காரணம் தெரியாத சோர்வுள்ள பெண்களுக்கு 12 வாரம் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று பிரான்சில் நடந்து 2012-இல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்குச் சோர்வு நன்றாகக் குறைந்தது. ஆகவே “ஹீமோகுளோபின் சரியா இருக்கு” என்று கேட்டதும் எழுந்துவிடாமல், “ஃபெரிட்டின் எவ்வளவு டாக்டர்?” என்று கேளுங்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும், அதனால் சி.ஆர்.பி.யோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் காபி, டீயோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள், இரும்பு உடம்பில் சேராது. ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் மாத்திரையோடு முடித்துவிடக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று வயிறு, குடலைப் பார்த்தாக வேண்டும்.

பி12-இலும் ஒரு சிக்கல் உண்டு. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும், சர்க்கரைக்காக நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், வருடக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை போடுகிறவர்களுக்கும் அது குறையும். ஆனால் போன வாரம்தான் சத்து ஊசி போட்டுக்கொண்டு, இந்த வாரம் பரிசோதித்தால் அளவு அமோகமாகத் தெரியும். ரத்தம் எடுத்த பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அதே போல, முடி கொட்டாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளில் பயோட்டின் அதிகம் இருக்கும். அது ஆய்வகத்தின் சில தைராய்டு பரிசோதனைகளைக் குழப்பும். ரத்தம் எடுக்க இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.

விட்டமின் டி குறைவு என்று சீட்டு வந்தால் யாருக்கும் ஆச்சரியம் வேண்டாம். நம்மில் மிகப் பலருக்கு அது குறைவுதான். சரிசெய்துகொள்ளுங்கள். ஆனால் அதோடு தேடலை மூடிவிடாதீர்கள். எந்தக் குறை கிடைத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இது: “இதைச் சரிசெஞ்ச பிறகு எத்தனை வாரத்துல எனக்கு வித்தியாசம் தெரியணும்?” மருத்துவர் பத்து வாரம் என்றால், பத்தாவது வாரம் திரும்பப் போங்கள். எண் ஏறியிருந்து, உடம்பு அப்படியே இருந்தால், அந்தக் குறை உங்கள் சோர்வுக்குக் காரணமல்ல. தேடல் தொடர வேண்டும்.

சீட்டில் தெரியாதவை

எல்லா எண்களும் எல்லைக்குள் இருந்தால், பரிசோதித்த அந்த நோய்கள் உங்களிடம் பெரும்பாலும் இல்லை. அது நல்ல செய்தி, அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ரத்தத்தில் தெரியாத காரணங்களும் உண்டு. தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் அவற்றில் முதலாவது. எட்டு மணி நேரம் படுத்தும் களைப்பு, காலையில் தலைவலி, பகலில் பேருந்தில் உட்கார்ந்ததும் தூக்கம், இரவில் பலத்த குறட்டை. குறட்டை விடுகிறவருக்கு அது தெரியாது. பக்கத்தில் படுக்கிறவர் கைபேசியில் ஐந்து நிமிடம் பதிவு செய்து கொடுத்தால் போதும். குறட்டை நின்று, அமைதியாகி, பிறகு திணறி மூச்சு வாங்குவது அதில் கேட்கும். அந்தப் பதிவை மருத்துவரிடம் போட்டுக் காட்டுங்கள். இரவு தூக்க ஆய்வுக்கு அவர் எழுதித் தருவார்.

இரண்டாவது, நிற்கும்போது மட்டும் வருகிற கோளாறு. உட்கார்ந்த நிலையில் பார்க்கும் ரத்த அழுத்தத்தில் இது தெரியாது. கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்ட பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தால் எடுங்கள். பத்து நிமிடம் படுத்திருந்து நாடித் துடிப்பைக் குறியுங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து அரை அடி தள்ளியிருக்க, தோள்பட்டை சுவரில் சாய நில்லுங்கள். பேசாமல், காலை ஆட்டாமல் பத்து நிமிடம். நிமிடத்துக்கு ஒரு முறை துடிப்பைப் பக்கத்தில் இருப்பவர் எழுத வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள், கண் இருட்டினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். படுத்திருந்தபோது 72 இருந்த துடிப்பு, நின்ற பிறகு 102-ஐத் தாண்டி அங்கேயே நின்றால், அதாவது 30-க்கு மேல் ஏறினால், அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள். 12 முதல் 19 வயதுள்ளவர்களுக்கு இந்த எல்லை 40. ரத்த அழுத்தம் இறங்காமல் துடிப்பு மட்டும் இப்படி ஏறுவதற்குப் பாட்ஸ் என்று பெயர். இளம் பெண்களிடம் அதிகம். ‘பயந்த சுபாவம், அதனால் படபடப்பு’ என்று இது பல நேரம் தள்ளிவிடப்படுகிறது. ரத்தசோகை, தைராய்டு, நீர்ச்சத்துக் குறைவு இவையும் துடிப்பை ஏற்றும் என்பதால், உங்கள் தாளை வைத்துக்கொண்டு மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

மனதைப் பற்றிக் கேட்டால்

மனச்சோர்வு உண்மையான நோய். உடலைப் படுக்க வைக்கும். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. மருத்துவர் மனதைப் பற்றிக் கேட்டால் கோபப்படாமல் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். கேட்காத மருத்துவர்தான் பாதி வேலை செய்தவர்.

ஆனால் மனச்சோர்வு என்று சொல்வதற்கும் அதற்கே உரிய அடையாளங்கள் வேண்டும். எதிலும் நாட்டம் இல்லாமை, தன்னைத் தானே வெறுப்பது, நம்பிக்கை இழப்பது. ரத்தச் சீட்டு சுத்தமாக இருக்கிறது என்பது மட்டும் அதற்கு ஆதாரமாகாது. “பேத்தி கல்யாணத்துக்குப் போகணும்னு உயிரா இருக்கு, ஆனா போயிட்டு வந்தா ஒரு வாரம் படுத்துடுவேனே டாக்டர்” என்று சொல்கிறவருக்கு ஆசை வற்றிவிடவில்லை. இந்த வேறுபாட்டை நீங்களே எடுத்துச் சொல்லலாம். “டென்ஷன்தான்” என்று மட்டும் சொன்னால், “என்னிடம் எதைப் பார்த்து அப்படி நினைக்கிறீங்க டாக்டர்?” என்று மரியாதையாகக் கேட்கலாம். மனநல மருத்துவரிடம் அனுப்பினால் போங்கள். அங்கே மனச்சோர்வு இல்லை என்று எழுதிக் கொடுத்தால், அதுவும் உங்கள் கோப்பில் முக்கியமான தாள்.

உழைத்த பின் விழும் நோய்

இப்போது துணி துவைத்த சனிக்கிழமைக்கு வருவோம். சின்ன உழைப்புக்குப் பிறகு, பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து, உடம்பும் மூளையும் சேர்ந்து விழுந்து, நாட்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் எழாமல் இருப்பது சாதாரணக் களைப்பில் நடப்பதில்லை. மயால்ஜிக் என்செஃபலோமயலைடிஸ், அல்லது நாட்பட்ட சோர்வு நோய்க்குறி என்று சொல்லப்படும் எம்.இ./சி.எஃப்.எஸ். நோயின் முதன்மை அடையாளம் அது. கோடையில் ஊற்று வற்றிய கிணற்றைப் போன்றது இந்த உடம்பு: இறைத்துவிட்டால் ஊறுவதற்குக் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டு மேலும் இறைத்தால் சேறுதான் வரும்.

இந்த நோய்க்கு நீண்ட, வேதனையான வரலாறு உண்டு. 1955-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்கள் கூட்டமாக நோயுற்றபோதுதான் அது பெரிதாகக் கவனிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு லான்செட் இதழ் அதற்கு ஒரு பெயர் வைத்தது. 1970-இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய கோப்புகளைப் படித்துவிட்டு, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதையும் அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். அந்த நிழல் விலகப் பல பத்தாண்டுகள் ஆயின. 2015-இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் ஆயிரக்கணக்கான ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, இது உடலின் பல மண்டலங்களைப் பாதிக்கும் கடுமையான நோய் என்று தெளிவாகச் சொன்னது.

அந்த அறிக்கை தந்த வரையறை எளிது. முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் சோர்வு. உழைப்புக்குப் பின் மோசமாவது. தூங்கி எழுந்தும் தெளியாமை. இந்த மூன்றும் இருந்து, கூடவே சிந்தனைத் தடுமாற்றம் அல்லது நிமிர்ந்து நின்றால் மோசமாவது என்ற இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். பிரிட்டனின் 2021 வழிகாட்டுதல் இன்னும் முன்னதாக, மூன்று மாதத்திலேயே இந்த நோயை உறுதி செய்யலாம் என்கிறது. இதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை. மற்ற காரணங்களைப் பார்த்து, இந்த அடையாளங்களையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். பலருக்கு இது ஒரு தொற்றுக்குப் பிறகு தொடங்குகிறது. கொரோனாவுக்குப் பிறகு மூன்று மாதமாகியும் சோர்வு நீங்காதவர்களில் ஒரு பகுதியினரிடம் இதே அடையாளங்கள் தெரிகின்றன. சிக்குன்குனியா, டெங்குவுக்குப் பிறகு மாதக்கணக்கில் தேறாதவர்களை நம் ஊரில் பார்க்காத தெரு இல்லை.

மருத்துவரிடம் இதை எப்படி எடுப்பது? “எனக்கு இந்த நோய்தான்” என்று தொடங்கினால் பேச்சு வாக்குவாதமாகிவிடும். குறிப்பு நோட்டைக் காட்டி, “வேலை செஞ்ச ரெண்டாவது நாள் இப்படி விழறேன் டாக்டர். எம்.இ./சி.எஃப்.எஸ். ஆக இருக்குமான்னு பாக்கலாமா?” என்று கேளுங்கள். நம் மருத்துவர்களில் பலர் இதைப் பாடத்தில் விரிவாகப் படித்திருக்க மாட்டார்கள். மேலே உள்ள வரையறையை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால், படித்துப் பார்க்கும் மருத்துவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் ஒன்று உண்டு. சோர்வு என்று வருகிற எல்லோருக்கும் தரும் அறிவுரை, “தினமும் நடங்க, கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.” மற்ற பல காரணங்களால் வரும் சோர்வுக்கு அது நல்ல மருந்து. இந்த நோயில் அது ஆளைப் படுக்கையில் தள்ளக்கூடும். 2021 வழிகாட்டுதல், குறித்த அளவில் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியை இவர்களுக்குச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. குணமாக்கும் மருந்து இன்று இல்லை. ஆனால் வலி, தூக்கம், நின்றால் வரும் படபடப்பு இவற்றுக்குத் தனித்தனியாக மருந்து உண்டு. அன்றாட வேலையை உடம்பு தாங்கும் எல்லைக்குள் பிரித்துச் செய்வதே முதல் சிகிச்சை. உட்கார்ந்து காய் நறுக்குவது, குளிப்பதையும் வெளியே போவதையும் வெவ்வேறு நாளில் வைத்துக்கொள்வது, நன்றாக இருக்கும் நாளில் மிச்ச வேலையையெல்லாம் முடித்துவிடத் துடிக்காமல் இருப்பது. கடைசியில் சொன்னதுதான் மிகக் கடினம்.

யாரிடம், எங்கே

ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். குடும்ப மருத்துவரோ பொது மருத்துவரோ, உங்கள் கதை முழுவதும் தெரிந்த ஒருவர் நடுவில் இருக்க வேண்டும். இதயத்துக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர் என்று நீங்களாகவே சுற்றினால், ஒவ்வொருவரும் தன் பகுதியில் ஒன்றுமில்லை என்று சரியாகச் சொல்லி அனுப்புவார். மொத்தமும் சேர்த்துப் பார்க்க யாரும் இருக்க மாட்டார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள், பொது மருத்துவப் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கும்போது, அன்று பார்க்கும் யூனிட் எது, அந்த யூனிட்டுக்கு வாரத்தில் எந்த நாள் ஓ.பி. என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே நாளில் போனால் அதே குழு பார்க்கும். வேறு நாளில் போனால் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும்.

எல்லாச் சீட்டுகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகள் சொல்கின்றன. இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018 சாசனம் சொல்கிறது. சண்டைக்குப் போக இதைச் சொல்லவில்லை. தயங்காமல் கேட்பதற்காகச் சொல்கிறேன்.

“ரெண்டு பாட்டில் டிரிப் ஏத்துனா தெம்பு வந்துடும்” என்று யாராவது சொன்னால், வாந்தி, பேதியால் நீர்ச்சத்து இழந்திருந்தால் ஒழிய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு பாட்டில் குளுக்கோஸில் இருப்பது சில கரண்டிச் சர்க்கரையும் தண்ணீரும்தான். நாட்பட்ட சோர்வைக் குணமாக்குவதாகச் சொல்லிப் பல ஆயிரங்களுக்கு விற்கும் பவுடர்களுக்கும் இதே பதில்.

போகும்போது வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துப் போங்கள். கணவரோ, மகளோ, அண்ணியோ, உங்களைத் தினமும் பார்க்கிறவராக இருக்க வேண்டும். “முன்னாடி இவ இப்படி இல்ல டாக்டர்” என்று வேறொருவர் வாயால் வரும்போது அதற்குத் தனி எடை. மருத்துவர் சொல்வதை அவரே எழுதிக்கொள்ளவும் முடியும், ஏனென்றால் மூளை மந்தமாக இருக்கும் நாளில் பாதி மறந்துவிடும். வெளியே வருவதற்கு முன் மூன்று கேள்விகள்: இப்போது நீங்கள் எதைச் சந்தேகிக்கிறீர்கள், எதெல்லாம் இல்லை என்று ஆகிவிட்டது, அடுத்து எப்போது வரட்டும். “தெரியலம்மா, ஆனா பாப்போம், ஒரு மாசம் கழிச்சு வாங்க” என்று சொல்லும் மருத்துவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

வேலைக்குப் போகிறவர்கள், படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர்கள் இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். ‘ஒரு வாரம் ஓய்வு தேவை’ என்ற சான்றிதழால் பயன் குறைவு, அடுத்த வாரம் மீண்டும் அதே நிலைதான். என்ன மாற்றம் தேவை என்பதை எழுதச் சொல்லுங்கள். ஆசிரியருக்கு உட்கார்ந்து பாடம் நடத்த அனுமதி, தரைத் தள வகுப்பறை, தொடர்ச்சியாக இரண்டு பீரியடுக்கு மேல் வேண்டாம் என்பது. மாணவிக்கு விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு, தேர்வில் கூடுதல் நேரம், காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் உட்கார அனுமதி. அலுவலகத்தில் வேலை செய்கிறவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. எத்தனை மாதத்துக்கு, மறுபரிசீலனை எந்தத் தேதியில் என்பதும் அந்தச் சான்றிதழிலேயே இருக்க வேண்டும். மூலத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு, நகலை மட்டும் கொடுங்கள்.